சாண்டர்ஸ் அன்று பசுமைக் கட்சிக்குப் போயிருக்க வேண்டுமா?

2016 ஜூலை 25, பிலடெல்பியா. ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முதல் நாள். ஜனாதிபதி வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனிடம் தோற்றிருந்த செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் மதியம் தன் பக்கத்துப் பிரதிநிதிகளை மட்டும் ஓர் அரங்கில் கூட்டிப் பேசினார். டிரம்பைத் தோற்கடித்தாக வேண்டும், அதற்கு ஹிலாரி கிளிண்டனை ஜெயிக்கவைக்க வேண்டும் என்று அவர் சொன்ன நிமிடத்தில் அரங்கில் பெரும் கூச்சல் எழுந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அவருக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்கள், கைக்காசிலிருந்து 27 டாலர், 30 டாலர் என்று அனுப்பியவர்கள், அவரைப் பார்த்தே கத்தினார்கள். அன்று இரவு அவர் மாநாட்டு மேடை ஏறியபோது கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டிய இளைஞர்களையும் பெரியவர்களையும் அதில் பார்த்தேன். சிலர் வாய்மேல் டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று நாள் முன்னால்தான் கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டிருந்தது. நடுநிலை காக்க வேண்டிய கட்சி நிர்வாகிகள் கிளிண்டன் பக்கம் சாய்ந்திருந்தது அதில் தெரிந்தது, கட்சித் தலைவரே பதவி விலக வேண்டியதாயிற்று. அதே நேரத்தில், இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நிற்கும் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் ஏற்கெனவே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: சாண்டர்ஸ் வந்தால் வேட்பாளர் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கத் தயார்.

போயிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை இன்றும் கேட்கிறார்கள். ஆள் மட்டும் மாறுகிறது, ஒருமுறை ராபர்ட் கென்னடி ஜூனியர், ஒருமுறை ஈலான் மஸ்க், நாளைக்கு வேறு யாராவது. என் பதில்: போயிருக்கக் கூடாது, போகாதது சரி. ஆனால் அதற்கு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம். மூன்றாவது கட்சி என்றால் என்ன என்பதை சாண்டர்ஸுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1970களில் வெர்மான்ட்டில் லிபர்ட்டி யூனியன் என்ற சின்னக் கட்சியின் வேட்பாளராக செனட்டுக்கும் ஆளுநர் பதவிக்கும் நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றவர் அவர். எல்லாமே ஒற்றை இலக்க சதவீதத் தோல்விகள். 1981இல் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த பிறகுதான் அவருக்கு அரசியல் வாழ்க்கை என்ற ஒன்றே தொடங்கியது. 1990இல் பிரதிநிதிகள் சபைக்கும் 2006இல் செனட்டுக்கும் சுயேச்சையாகவே போனார். அப்படிப்பட்ட மனிதர் 2015 ஏப்ரலில் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட முடிவெடுத்தபோது ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலை, அதாவது பிரைமரியைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அது யோசித்து எடுத்த முடிவு. தான் ஓட்டைப் பிரிப்பவனாக இருக்க மாட்டேன் என்று அப்போதே சொல்லியும் விட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் ஜனாதிபதியை மக்கள் வாக்கு நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த 538 தேர்வாளர் வாக்குகள், அதில் 270 வேண்டும். 48 மாநிலங்களில் யார் ஒரு வாக்காவது கூட வாங்குகிறாரோ அவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் போகும் (மெய்னும் நெப்ராஸ்காவும் கொஞ்சம் வேறுமாதிரி). இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றுமில்லை, மூன்றாவதாக வந்தவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இது எவ்வளவு கொடூரமான கணக்கு என்று பார்க்க 1992ஐ எடுத்துக்கொள்ளலாம். டெக்சஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ அந்த வருடம் பிப்ரவரியில் லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, 50 மாநிலங்களிலும் என் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றிக் காட்டுங்கள், நிற்கிறேன் என்றார். மக்கள் ஏற்றிக் காட்டினார்கள். ஜூன் மாதம் காலப் கருத்துக்கணிப்பில் பதவியிலிருந்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷையும் பில் கிளிண்டனையும் தாண்டி 39 சதவீதத்தோடு முதலிடத்தில் இருந்தார். சொந்தக் காசில் அரைமணி நேர விளம்பரம் வாங்கி, அட்டையில் வரைந்த வரைபடங்களைக் குச்சியால் தொட்டுக் காட்டி நாட்டின் கடனை விளக்குவார், ஜனங்கள் சீரியல் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜூலையில் திடீரென்று விலகி, அக்டோபரில் திரும்பி வந்து, இவ்வளவு குழப்பத்துக்குப் பிறகும் நவம்பரில் 1.97 கோடி வாக்குகள் வாங்கினார். 18.9 சதவீதம். தேர்வாளர் வாக்கு எத்தனை? பூஜ்யம்.

இதை 1948ஓடு வைத்துப் பாருங்கள். அந்த வருடம் இரண்டு பேர் மூன்றாவது அணியாக நின்றார்கள். ஸ்ட்ராம் தர்மண்ட் தெற்கின் நிறவெறி அரசியலைக் கையில் எடுத்தவர். ஹென்றி வாலஸ் முன்னாள் துணை ஜனாதிபதி, இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வாக்கு, தலா 2.4 சதவீதம். தர்மண்டுக்கு 39 தேர்வாளர் வாக்குகள், வாலஸுக்கு ஒன்றுகூட இல்லை. தர்மண்டின் வாக்குகள் நான்கைந்து தென் மாநிலங்களில் குவிந்திருந்தன, வாலஸின் வாக்குகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். 1968இல் ஜார்ஜ் வாலஸ் (இவர் வேறு வாலஸ், தர்மண்டின் வகை) 13.5 சதவீதத்தில் ஐந்து மாநிலங்களைப் பிடித்ததும் இதே வழியில்தான். ஆக, இந்த முறை ஒரு பிராந்தியத்தின் வெறுப்பைத் திரட்டுபவருக்கு வெகுமதி கொடுக்கிறது, நாடெங்கும் பரவிக் கிடக்கும் ஒரு கோரிக்கையைத் தூக்கிப் பிடிப்பவரை வெறும் கையோடு அனுப்புகிறது. சாண்டர்ஸ் இதில் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, கட்டணமில்லாக் கல்லூரி என்பதெல்லாம் ஐந்து மாநிலத்துக்குள் அடங்கும் கோரிக்கையா?

அப்படியே ஏதோ அதிசயம் நடந்து மூன்று பேரும் சில மாநிலங்களைப் பிடித்து யாருக்கும் 270 கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நான்கு கோடிக்குக் கொஞ்சம் குறைவாக மக்கள் இருக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஆறு லட்சத்துக்கும் குறைவாக இருக்கும் வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாநிலம் வேண்டும். சபையில் இருப்பவர்கள் எல்லோரும் இரண்டே கட்சிக்காரர்கள், அவர்கள் எதற்காக வெளியாள் ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கப் போகிறார்கள்? 1824இல் அதிக வாக்கும் அதிகத் தேர்வாளர்களும் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு இரண்டாவதாக வந்த ஜான் குவின்சி ஆடம்ஸை இந்தச் சபைதான் ஜனாதிபதியாக்கியது. 2016இல் மைக்கேல் புளூம்பெர்க் சுயேச்சையாக நிற்கலாமா என்று செலவு செய்து ஆராய்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுங்கியதற்கு வெளிப்படையாகச் சொன்ன காரணமும் இதுதான்.

இதெல்லாம் ஜெயிப்பதைப் பற்றி. நிற்பதே பெரிய பாடு என்பதுதான் வெளியில் பலருக்குத் தெரியாத விஷயம். நம் ஊரில் டெபாசிட் கட்டி, முன்மொழிய ஆள் பிடித்து, வேட்புமனு கொடுத்தால் சுயேச்சையாகச் சின்னம் வாங்கிவிடலாம். அங்கே 50 மாநிலத்துக்கு 50 சட்டம். 2024இல் சுயேச்சை வேட்பாளர் ஒருவர் கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் வர 2,19,403 வாக்காளர் கையெழுத்து வேண்டும். டென்னசியில் 275 போதும். டெக்சஸில் 1,13,151, அதுவும் மே மாதத்துக்குள், அதுவும் அந்த வருடம் பிரைமரியில் ஓட்டுப் போடாதவர்களிடமிருந்து மட்டும். யோசித்துப் பாருங்கள், ஒரு தொண்டர் சூப்பர் மார்க்கெட் வாசலில் வெயிலில் அட்டையோடு நின்று, அரசியலில் அக்கறையோடு நின்று பேசும் ஒருவரைப் பிடித்து, நீங்கள் மார்ச் மாதம் பிரைமரியில் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்க வேண்டும், ஆமாம் என்றால் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கறை உள்ளவர்களையே குறிபார்த்து வடிகட்டும் சட்டம் இது. எனக்கு இதைவிட ஆத்திரம் தருவது வேறொன்றுமில்லை.

2016இல் டெக்சஸின் கெடு மே 9. கலிஃபோர்னியா பிரைமரியே ஜூன் 7இல்தான் நடந்தது. அதாவது சாண்டர்ஸ் தோற்றாரா ஜெயித்தாரா என்று தெரியும் முன்பே சுயேச்சையாக நிற்கும் கதவு அங்கே மூடிவிட்டது. போதாக்குறைக்குப் பல மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் அதே பதவிக்கு வேறு கட்சியில் நிற்கக் கூடாது என்ற சட்டம் உண்டு, அது ஜனாதிபதித் தேர்தலுக்குச் செல்லுமா என்பதே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு வழக்கு. ஸ்டைன் நீட்டிய கைக்கு இருந்த உண்மையான மதிப்பு இங்கேதான். பசுமைக் கட்சி அந்த வருடம் 44 மாநிலங்களின் வாக்குச்சீட்டில் இடம் பிடித்தது. அந்த இடத்தைத்தான் அவர் விட்டுக்கொடுக்க முன்வந்தார், அது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் கணக்கு உதைக்கிறது. பிரைமரியில் சாண்டர்ஸுக்குக் கிடைத்தது சுமார் 1.3 கோடி வாக்குகள். கேட்கப் பிரமாண்டமாகத்தான் இருக்கும். நவம்பரில் விழுந்த மொத்த வாக்குகள் 13.6 கோடிக்கு மேல். அவருடைய பிரைமரி வாக்காளர் ஒருவர் பாக்கியில்லாமல் பின்னால் வந்திருந்தாலும் பத்து சதவீதத்தைத் தொடாது, எல்லோரும் வந்திருக்கவும் மாட்டார்கள். மேலே போக வேண்டுமென்றால் தொலைக்காட்சி விவாதம் வேண்டும். அந்த விவாதங்களை நடத்திய குழுவை 1987இல் அமைத்ததே இரண்டு கட்சிகளும் சேர்ந்துதான், 2000இலிருந்து மேடை ஏறக் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம் காட்ட வேண்டியிருந்தது. பெரோ 1992இல் விலகித் திரும்பி வந்து விவாத மேடை ஏறும்போது 15 சதவீதம் அவரிடம் இல்லை, மேடை ஏறிய பிறகுதான் மேலே போனார். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் பெரோவுக்கு அந்த 18.9 சதவீதம் கிடைத்திருக்காது.

சரி, இப்போது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணம். 2000இல் ஃப்ளோரிடாவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் (முன் சொன்ன புஷ்ஷின் மகன்) ஜெயித்தது 537 வாக்கில், பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அங்கே விழுந்தது 97,488. 2016இல் மிச்சிகனில் டிரம்பின் வித்தியாசம் 10,704, ஸ்டைனுக்கு 51,463. விஸ்கான்சினில் வித்தியாசம் 22,748, ஸ்டைனுக்கு 31,072. பென்சில்வேனியாவில் 44,292, ஸ்டைனுக்கு 49,941. மூன்று மாநிலத்திலும் ஸ்டைன் வாங்கியது வித்தியாசத்தைவிட அதிகம். இந்த எண்களை வைத்துக்கொண்டு இவர்கள்தான் டிரம்பைக் கொண்டுவந்தார்கள் என்று வருடக்கணக்காகத் திட்டுகிறார்கள்.

எண்கள் உண்மை. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டைனுக்குப் போட்ட ஒவ்வொருவரும் அவர் இல்லாவிட்டால் கிளிண்டனுக்குப் போட்டிருப்பார் என்று எப்படிச் சொல்வது? அதில் கணிசமான பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அதே தேர்தலில், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்ட்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் ஸ்டைனைப்போல் மூன்று மடங்கு வாங்கினார், அவரில்லாவிட்டால் அதில் ஒரு பெரும்பகுதி டிரம்புக்குப் போயிருக்கக்கூடும், அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. 1992இல்கூடப் பெரோதான் புஷ்ஷைக் கவிழ்த்தார் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வாக்குச்சாவடி வாசலில் கேட்டபோது பெரோவின் ஆட்கள் இரண்டாவது விருப்பமாகப் புஷ்ஷையும் கிளிண்டனையும் கிட்டத்தட்டச் சமமாகத்தான் சொன்னார்கள். ஓட்டு யார் அப்பன் வீட்டுச் சொத்துமில்லை, கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. மிச்சிகனுக்கும் விஸ்கான்சினுக்கும் போய் ஒழுங்காகக் கேட்காத கட்சி, கேட்டுப் போனவர்களைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் காரணம் வேறு. சாண்டர்ஸிடம் அன்று இருந்தது ஒரு கூட்டம், ஒரு நன்கொடையாளர் பட்டியல், 23 போட்டிகளில் ஜெயித்த மரியாதை. இதை மூன்றாவது கட்சியில் கொண்டுபோய்ப் போட்டால் ஒரே நவம்பரில் கரைந்துவிடும், மறுநாளிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு ஒரு பழி மட்டும் மிஞ்சும். பெரோவின் கதை அப்படித்தான் முடிந்தது. 1995இல் சீர்திருத்தக் கட்சி என்று ஒன்றை நிறுவினார், 1996இல் 8.4 சதவீதம் வாங்கினார். ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கினால் அடுத்த தேர்தலுக்கு அரசுப் பணம் கிடைக்கும் என்பது விதி. 2000க்கு அப்படிச் சுமார் 1.26 கோடி டாலர் வந்தது. காங்கிரஸில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத கட்சியிடம் அவ்வளவு பணம். அதற்காக இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டு தனித்தனி வேட்பாளரையே அறிவித்தன. கடைசியில் பணம் போய்ச் சேர்ந்த பேட் புக்கானனுக்கு அரை சதவீத வாக்குகூட விழவில்லை, அத்தோடு கட்சி முடிந்தது. கடனைக் குறைக்க வேண்டும் என்று பெரோ எழுப்பிய பேச்சு மட்டும் பில் கிளிண்டனின் பட்ஜெட்டுகளில் தங்கியது, அதை நான் மறுக்கவில்லை.

அந்தச் சீர்திருத்தக் கட்சியில் 2000இல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று, சில மாதங்களில் விலகிய ஒருவர் உண்டு. டொனால்ட் டிரம்ப். அவர் அங்கே பாடம் கற்றுக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். 2015 ஆகஸ்ட் 6, க்ளீவ்லேண்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் முதல் விவாதம். கட்சி யாரை வேட்பாளராக்கினாலும் ஆதரிப்பேன், தனியாக நிற்க மாட்டேன் என்று உறுதி தர முடியாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டார்கள். பத்துப் பேரில் ஒரே ஒரு கை உயர்ந்தது, நடுவில் நின்ற டிரம்பின் கை. ஒரு மாதம் கட்சியைப் பதற வைத்துவிட்டு செப்டம்பர் 3 அன்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். தனியாக நிற்பேன் என்ற மிரட்டலுக்கு இருந்த விலை, தனியாக நின்றிருந்தால் கிடைத்திருக்காது. பதினேழு பேர் மோதிய பிரைமரியில் பாதிக்கும் குறைவான வாக்கில் கட்சியையே கைப்பற்றினார். அவர் அரசியலை நான் வெறுக்கிறேன், ஆனால் வழியை அவர் சரியாகப் புரிந்துகொண்டார்.

மிரட்டலுக்கு விலை உண்டு என்பதற்கு ராபர்ட் கென்னடி ஜூனியர் இன்னொரு உதாரணம், வருத்தமான உதாரணம். 2023இல் ஜனநாயகக் கட்சிக்குள் தொடங்கி, அக்டோபரில் சுயேச்சையாகி, ஒரு கட்டத்தில் கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதத்தையும் தாண்டினார். மாநிலம் மாநிலமாகத் தொண்டர்கள் கையெழுத்து வாங்கினார்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று பிரச்சாரத்தை நிறுத்தி டிரம்பை ஆதரித்தார், அடுத்த பிப்ரவரியில் சுகாதாரத் துறைச் செயலாளர் ஆனார். அவருக்கு லாபம்தான். இரண்டு கட்சியும் வேண்டாம் என்று நினைத்து அட்டையில் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன கிடைத்தது?

இலங்கை வாசகர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியும். அங்கே ஜனாதிபதி வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் போடலாம். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் முதலிரண்டு பேர் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2024இல் முதன்முறையாக அது நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தில் நின்றதால் இரண்டாவது எண்ணிக்கை வந்தது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குப் போட்டவர்கள்கூட, தங்கள் நிலையைப் பதிவு செய்துவிட்டு, யார் ஆள வேண்டும் என்பதிலும் தங்கள் கருத்தாக ஒரு 2 போட்டிருக்க முடியும் (முதலிரண்டு பேர் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் அப்படிப் பயன்பட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது வேறு கதை). இன்னொன்று, அநுர 2019இல் வாங்கியது 3.16 சதவீதம். அடுத்த வருட நாடாளுமன்றத் தேர்தலில் விகிதாசார முறையால் அவர் அணிக்கு மூன்று இடம் கிடைத்தது. பொருளாதாரம் சரிந்தபோது பேச ஓர் இடமும் முகமும் இருந்தது. அமெரிக்காவில் 3 சதவீதம் வாங்கிய கட்சிக்கு மறுநாள் காலை எதுவுமே இல்லை.

அதனால்தான் பிரைமரி என்கிறேன். தோற்ற சாண்டர்ஸின் பிரச்சாரத்தில் வேலை செய்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் 2018 ஜூனில் நியூயார்க்கில் கட்சியின் பெரிய தலைகளில் ஒருவரைப் பிரைமரியில் வீழ்த்தி காங்கிரஸுக்குப் போனார். 2025இல் அதே நகரில் சோரான் மம்தானி, விருப்ப வரிசை போடும் பிரைமரியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவாமோவைத் தோற்கடித்து மேயராகத் தேர்வானார். தோற்ற குவாமோ நவம்பரில் சுயேச்சையாக நின்று மறுபடி தோற்றார். பிலடெல்பியாவில் அழுதவர்கள் ஸ்டைன் பின்னால் போயிருந்தால் இதில் எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்காக மூன்றாவது கட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணும் முறையை முதலில் மாற்றிவிட்டு நில்லுங்கள் என்கிறேன். மெய்னில் மக்கள் 2016இல் வாக்களித்து விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள், 2020இலிருந்து ஜனாதிபதித் தேர்தலிலும் அங்கே அதுதான். அலாஸ்காவும் 2020இல் ஏற்றது. அங்கே பசுமைக் கட்சிக்கு 1 போட்டுவிட்டு 2ஐ வேறொருவருக்குப் போடலாம், யாரும் உங்களை ஓட்டைப் பிரித்தவர் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் மாநிலங்களில் இதே யோசனை வாக்கெடுப்புக்கு வந்து நான்கிலும் தோற்றது. அலாஸ்காவில் இருந்ததையே ரத்து செய்யச் சொல்லி வாக்கெடுப்பு நடந்தது. பிலடெல்பியா அரங்கில் அன்று கத்திய கூட்டத்தைவிடக் குறைவான எண்ணிக்கையில், வெறும் 743 வாக்கு வித்தியாசத்தில், அது தப்பித்தது.